சொந்தத்துலயா, அந்நியமா?

செவ்வாய்க்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் வராந்தா பெஞ்சில் இடம் கிடைக்காது. அது கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி என்று வரிசையாக எழுதிக்கொண்டே வரும் நர்சம்மா, தலை நிமிராமல் இன்னொன்றும் கேட்பார்.

"சொந்தத்துலயா, அந்நியமா?"

"சொந்தந்தான்."

"தாய்மாமனா, அத்தை மகனா?"

பெண் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மாமியார் முந்திக்கொள்வார். "என் தம்பி மகதான் சிஸ்டர். கண்ணு முன்னால வளர்ந்த புள்ளைய விட்டுட்டு வெளிய போயி எடுக்க மனசு வரல."

நர்சம்மா குறித்துக்கொள்கிறார். பதிவேட்டில் அரை வரி. அடுத்த பெண்ணுக்கும் அதே கேள்வி.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த அரை வரிக்கு வேலையே இருந்திருக்காது. பெற்றவள் பிழைப்பாளா, பிள்ளை தங்குமா என்பதுதான் அன்றைய கவலை. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் அது 13. சீழும் ஜன்னியும் பேதியும் நிமோனியாவும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன நாளில், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளையும் அந்தக் கூட்டத்தோடு கணக்கில்லாமல் போனது. கிருமி பின்வாங்கிய பிறகுதான் பிறவிக்குறைகள் தனியாகக் கண்ணில் பட்டன. பிரசவம் பார்ப்பவள் பரம்பரையைப் பற்றிக் கேட்க வேண்டிய காலம் அப்படித்தான் வந்தது.

அன்றைய மருத்துவச்சியிடமிருந்து தொடங்குவோம். பல ஊர்களில் அவர் நாவிதர் குடும்பத்துப் பெண். பிரசவம் தீட்டு, தீட்டைத் தொடுகிறவர் ஊரின் ஓரத்தில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பது சாதியின் ஏற்பாடு. நடுச்சாமத்தில் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள், காரியம் முடிந்ததும் வாசலில் வைத்தே அரிசியும் பழஞ்சேலையும் கொடுத்து அனுப்புவார்கள். அவர் கையில் வித்தை இருந்தது. வயிற்றைத் தடவியே தலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார், வலி உண்மையா பொய்யா என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார். அவரை ஏதோ மூடநம்பிக்கையின் பிரதிநிதியாக எழுதுவது நம் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன அநியாயம். அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: கிருமி என்ற அறிவு.

பிரசவ அறை என்பது பெரும்பாலும் வீட்டிலேயே மோசமான இடம். புறக்கடை, மாட்டுக்கொட்டிலை ஒட்டிய தாழ்வாரம், காற்று வராத உள்ளறை. தீட்டுப்படும் என்று பழைய துணி, பழைய பாய். கைக்குக் கிடைத்த அரிவாளிலோ சவரக்கத்தியிலோ தொப்புள்கொடியை அறுத்து, காயத்தில் சாம்பலோ மஞ்சளோ சாணமோ வைப்பார்கள். சாணத்திலும் மண்ணிலும் ரண ஜன்னிக் கிருமியின் விதைகள் உயிரோடு கிடக்கும். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, அதன்பின் ஒரு வாரத்துக்குள் வாய் இறுகி, முலைக்காம்பைப் பற்ற முடியாமல், தொட்டாலே வில்லாக விறைக்கும். காத்துக் கருப்பு என்றார்கள்.

ஆஸ்பத்திரி என்ற ஒன்று அப்போது இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூரில் 1844லேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வராத பெண்களும், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற குடும்பங்களும் அதன் வாசலை மிதிக்கவில்லை. அவர்களுக்காகவே 1885இல் ஆங்கிலேயப் பெண் டாக்டர் மேரி ஷார்லீப் சென்னையில் தனி மருத்துவமனை தொடங்கினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பலகை இருந்தாலும் பழைய சென்னைக்காரர்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடரிடம் பிரசவ உதவி கேட்டு வந்து நின்ற கதை பலருக்கும் தெரியும். டாக்டரான அவர் அப்பா வரலாம் என்றபோது, ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. வேலூரில் மருத்துவமனை கட்டியவர் 1909இல் நர்சுகளுக்குப் பள்ளியும் தொடங்கினார். ஊரின் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்காமல் அதற்குள் நுழையக்கூடியவர்களைத் தயார்செய்வது என்ற வழி அது. தமிழ்நாட்டின் தாய்சேய் நலம் அதற்குப் பிறகு ஏறக்குறைய அந்த வழியில்தான் நடந்திருக்கிறது.

ரண ஜன்னி போன விதத்தைப் பாருங்கள். மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் ஒன்றும் வைக்காத சுத்தம் என்று ஐந்து. கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி. அம்மாவுக்குப் போட்ட ஊசியின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்பதால், சுத்தம் எங்காவது தவறினாலும் பிள்ளைக்குக் காவல் உண்டு. 2015இல் இந்தியா தாய்சேய் ரண ஜன்னியை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்த வெற்றிக்காக எந்தக் குடும்பமும் தன் வழக்கம் எதையும் பெரிதாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே வீடு, அதே மருத்துவச்சி. பிளேடு புதிது, தொப்புளில் சாணம் இல்லை. தடுப்பில் மிக எளிதான படி அதுதான்.

அடுத்த படி இடத்தை மாற்றுவது. 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு இரவு பகலாகப் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2008இல் 108 வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி இன்று ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டியுமாக 18,000 ரூபாய். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில். அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அதை முன்னேற்றம் என்ற தலைப்பில் எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பணத்தையும் ஆம்புலன்ஸையும்விட எனக்குச் சுவாரசியமாகப் படுவது வளைகாப்பு. அரசாங்கமே நலுங்கு வைத்து, வளையல் அடுக்கி, ஐந்துவகைச் சாதம் போட்டது. வந்த பெண்கள் பிரசவ அறையை எட்டிப் பார்த்தார்கள்; கட்டில் எங்கே, கழிப்பறை எங்கே, ராத்திரி யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். பிரசவ நேரத்தில் கூட ஒரு பெண் இருக்கலாம் என்று விதியும் வந்தது. அம்மாவோ மாமியாரோ அத்தையோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பழைய புறக்கடையில் இருந்த ஒரே நல்ல விஷயம் அது. ஆஸ்பத்திரி அதை முதலில் வெளியே தள்ளிவிட்டுப் பிறகு திரும்பக் கூப்பிட்டது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம்தான் நர்சுகளுக்கு நெடுநாள் தலைவலி. ஏழு மாதம் வரை ஒரு ஊரில் பார்த்த பெண் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுடைய ரத்தசோகையும் பிரஷரும் எழுதிய அட்டை மாமியார் வீட்டு அலமாரியில் கிடக்கும். வழக்கத்தை நிறுத்தச் சொன்னால் யார் கேட்பார்கள்? இப்போது அந்தப் பெண்ணோடு பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் போகிறது. பன்னிரண்டு இலக்கம். எந்த ஊரில் தட்டினாலும் பழைய கதை திரையில் வரும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்குள் நடப்பது வேறு கதை. பிரசவ அறையை நர்ஸ் ஆள்கிறார். வீட்டைப் பாட்டி ஆள்கிறார். சேனை வைப்பதில் தொடங்கும். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைத்தால் பிள்ளைக்கு அவர் குணம் வரும். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுவதும் உண்டு. மஞ்சளாகக் கெட்டியாக இருக்கிறதே, கெட்டுப்போன பால் என்று. எதிர்ப்புச் சக்தி நிறைந்த முதல் மருந்து தரையில் போகும், கிருமி வரக்கூடிய தேன் வாய்க்குள் போகும். அந்த 2019-21 கணக்கெடுப்பில்கூட பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் இங்கே சுமார் 60 சதவீதம்தான். இதற்குப் பாட்டிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சிசேரியன் ஆன அம்மாவிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லாத வார்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

முந்தைய தலைமுறை நர்ஸ் இதற்கெல்லாம் சத்தம் போட்டார். பாட்டியும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் தெருமுனை திரும்பியதும் சங்கை எடுத்தார். இன்றைய கிராம சுகாதார செவிலியர்களில் விவரமானவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். சேனை வைக்க வந்து நிற்கும் தாத்தாவிடம், "ஆறு மாசம் பால் மட்டுந்தான் ஐயா. ஏழாம் மாசம் மொத வாய் சோறு நீங்கதான் ஊட்டணும், எல்லாரும் அன்னைக்குத்தான் வருவாங்க" என்று மரியாதையைத் தள்ளிவைக்கிறார்கள். கருவாடும் பூண்டும் காயமும் பெற்றவளுக்குக் கொடுக்கலாம், தடையில்லை; தண்ணீரைக் குறைக்காதீர்கள், கீரையை விலக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டட்டும், உரசி வாயில் ஊற்ற வேண்டாம். எண்ணெய் தேய்க்கட்டும், மூக்கிலும் காதிலும் விட வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். கெடுதல், சும்மா இருக்கட்டும், நல்லது என்று மூன்றாகப் பிரிக்கத் தெரிவது இந்த வேலையில் பாதி.

இந்த மூன்றில் எதிலும் சேராமல் ஒன்று இருக்கிறது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்பது நம் வழக்கம். பாட்டியின் நைந்த சேலையைக் கிழித்துச் சுற்றுவார்கள். அக்கா பிள்ளை போட்ட சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவார்கள். தோலுக்கு மெத்தென்று இருக்கும். அருமையான வழக்கம். ஆனால் பெட்டியைத் திறந்ததும் என்ன வாசனை வரும்? பாச்சை உருண்டை. அந்துருண்டை என்றும் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு மட்டும் அந்த வாசனை விஷம். சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை விறுவிறுவென்று ஏறி, மூளையைத் தொடும் அளவுக்குப் போகலாம். உடம்பில் எண்ணெய் தேய்த்திருந்தால் தோல் வழியாக அது இன்னும் எளிதாக உள்ளே போகும். அந்தக் குறையின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் நோய் வெளியே தெரியாத அம்மாவிடமிருந்து மகனுக்கு வரும். பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் பிள்ளை.

பண்பாடு, தடுப்பு, மரபணு என்று வகுப்பறையில் தனித்தனிப் பாடமாக நடத்துவது எல்லாம் இந்தப் பழைய சட்டையில் ஒன்றாக வந்துவிடுகிறது. வழக்கத்தில் பிழை இல்லை, உருண்டையிலும் பெரிய பிழை இல்லை, மரபணு யார் செய்த குற்றமும் இல்லை. மூன்றும் ஒரே தொட்டிலில் சேரும்போதுதான் ஆபத்து. இதற்கு நர்ஸ் சொல்ல வேண்டியது இரண்டே வரி: பெட்டித் துணியை வெந்நீரில் துவைத்து, நன்றாக வெயிலில் காயப்போட்டு, வாசனை போன பிறகு போடுங்கள். பெட்டியில் இனி வேப்பிலை போடுங்கள். எவ்வளவு பேர் சொல்கிறார்கள்?

காமாலை என்றதும் இளவெயிலில் காட்டுவார்கள். அதில் உண்மையில்லாமலும் இல்லை. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளை வெயிலில் கொண்டுபோய் வைக்கும் பழக்கமுள்ள சிஸ்டர் வார்ட் என்ற செவிலி, ஒரு பிள்ளையின் உடம்பில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை டாக்டர்களுக்குக் காட்டினார். நீல விளக்குச் சிகிச்சை அதிலிருந்து வந்தது. கண் வைத்துப் பார்த்தது ஒரு நர்ஸ். ஆனாலும் வாசலில் பத்து நிமிஷ வெயில் விளக்குக்கு ஈடாகாது. முதல் 24 மணி நேரத்தில் வரும் காமாலையையும், உள்ளங்காலும் மஞ்சளான பிள்ளையையும் வெயிலில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

சொந்தத்துக்கு வருவோம். 1992-93இல் தமிழ்நாட்டின் திருமணங்களில் ஏறத்தாழப் பாதி சொந்தத்தில் நடந்தவை. 2019-21 கணக்கெடுப்பில் 28 சதவீதம். நாட்டிலேயே இதுதான் அதிகம். கர்நாடகமும் ஆந்திரமும் அடுத்தடுத்து. தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. நம் ஒவ்வொருவரிடமும் பழுதான மரபணுக்கள் சில ஒற்றைப் பிரதியாக உறங்குகின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்று ஈடுகட்டிவிடும். ஒரே பாட்டனின் பழுதான பிரதி அம்மா வழியாகவும் அப்பா வழியாகவும் பிள்ளையிடம் சேரும்போதுதான் நோய். எந்தத் தம்பதிக்கும் பிறவிக்குறையுள்ள பிள்ளை பிறக்க நூறில் இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அதற்குமேல் இன்னும் இரண்டு மூன்று. அதாவது சொந்தத்தில் கட்டிய தம்பதிகளில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு ‘சொந்தத்தில் கட்டினால் ஊனம்’ என்று சுவரில் எழுதினால் ஊர் நம்பாது. அவர்கள் கண்ணெதிரே பத்து வீடுகள் இருக்கின்றன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் 1970களில் வட ஆற்காட்டில் செய்த பெரிய ஆய்வும், எதிர்பார்த்த அளவு கெடுதலைக் காட்டவில்லை. நூற்றாண்டுகளாக இப்படியே கட்டிவந்ததில் மிகக் கொடிய பழுதுகள் பிறக்காமலேயே கழிந்துபோயிருக்கலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். அது அரிய நோய்களுக்கான பரிசோதனைகள் வராத காலம் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். அன்றைக்குக் காரணம் தெரியாமல் கழிந்த கருவும் ஆறு மாதத்தில் இறந்த பிள்ளையும் இன்றைக்குப் பெயரோடு வருகின்றன.

இந்த வழக்கம் குறைந்ததற்கு நம் விழிப்புணர்வுப் பலகைகள் மார்தட்டிக்கொள்கின்றன. எனக்கு அதில் சந்தேகம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்றான பிறகு, மணக்கத் தகுந்த வயதில் மாமன் மகள் எங்கே இருக்கிறாள்? கடைசித் தம்பிக்கு மூத்த அக்காவின் மகளைக் கட்ட வேண்டுமானால் வீட்டில் ஆறேழு பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். பெண் கல்லூரிக்குப் போனதும், சின்னக் குடும்பமும் செய்ததைச் சுவரொட்டி செய்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். மிச்சமிருக்கும் 28 சதவீதத்துக்கும் காரணம் அறியாமை மட்டும் இல்லை. சொத்து பிரியாது, சீர்வரிசை கெடுபிடி குறைவு, எல்லாவற்றுக்கும் மேல், மாமியார் என்பவர் அத்தையாக இருந்தால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ராத்திரி ஒரு டம்ளர் பால் கேட்காமலே வரும் என்ற நம்பிக்கை. தாய்நலம் என்று பார்த்தால் அதுவும் ஒரு தடுப்பு மருந்துதான். எதிர்த்துப் பேசுகிறவர்கள் இதை எடைபோட்டுவிட்டுப் பேச வேண்டும்.

பதிவேட்டுக் கேள்வியில் எனக்கு வேறொரு குறை உண்டு. ‘அந்நியம்’ என்று சொன்னதும் நர்ஸ் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நம் அந்நியம் எவ்வளவு அந்நியம்? அதே சாதி, பெரும்பாலும் அதே உட்பிரிவு, பக்கத்து ஊர். பல நூறு வருஷம் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்த ஒரு சமூகத்தில் எல்லோரும் தூரத்துச் சொந்தமே. வைசிய சமூகத்தாரில் ஒரு நொதிக் குறைவு மற்றவர்களைவிட மிக அதிகம். மயக்க மருந்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஓர் ஊசி அவர்களில் சிலருக்கு நிமிஷங்களில் தெளியாமல் மணிக்கணக்கில் நீடிக்கும். அனுபவமுள்ள மயக்க மருத்துவர்கள் அவசர சிசேரியனுக்கு முன் இதைக் கருத்தில் வைத்துக்கொள்வார்கள். சாதியைக் கேட்பது அநாகரிகம் என்று வளர்ந்த நமக்கு இது நெருடுகிறது. நெருடத்தான் வேண்டும். ஆனாலும் உடம்பு அதை மறக்கவில்லை. "சொந்தமா" என்பதோடு, "ரெண்டு பக்கமும் சின்ன வயசுல செத்த பிள்ளை உண்டா, காது கேக்காதவங்க, அடிக்கடி ரத்தம் ஏத்துறவங்க உண்டா" என்று கேட்பதுதான் உண்மையில் பயன்படுகிற கேள்வி. அதற்கு அரை வரி போதாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பதிலும் வராது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்க்கலாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறந்தால் உடனே சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்கிறார்கள். அதற்கும் சொந்தத்துக்கும் தொடர்பில்லை. அம்மாவின் வயதோடுதான் தொடர்பு. குறைப்பிள்ளை பிறந்தால் பழி பெண் தலையில் விழுவது மட்டும் எந்த நோயானாலும் மாறுவதில்லை. கருவின் மரபைப் பார்க்க வந்த கருவிகளை இந்த நாடு முதலில் எதற்குப் பயன்படுத்தியது என்பதும் நினைவிருக்கட்டும். பனிக்குட நீரில் பிறவி நோயைத் தேடும் பரிசோதனை பெண் கருவைத் தேடுவதாக மாறியது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமும், 1994இல் பாலினம் கண்டறியத் தடைச் சட்டமும் வந்தது அந்தக் காலத்தின் பின்னணியில்.

செவிலியரின் தடுப்பு வேலை நகர்ந்துகொண்டே போகும் திசையைக் கவனியுங்கள். பிளேடு பிரசவ நிமிஷத்துக்கு உரியது. டி.டி. ஊசி கர்ப்பகாலத்துக்கு. ஃபோலிக் அமில மாத்திரையோ இன்னும் முன்னால் போகிறது. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, கிராம நர்சிடம் பேர் கொடுத்து, மாத்திரை கைக்கு வரும்போது அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. குழாய் மூடாத பிள்ளை முன்பு பிறந்த தாய், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் அந்தக் குறை மீண்டும் வருவது முக்கால்வாசி அளவுக்குக் குறைகிறது என்று 1991லேயே பிரிட்டிஷ் ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் கல்யாணமான மறுமாதம் ஒரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஊர் என்ன பேசும்? பள்ளியில் வாரம் ஒருமுறை நீல மாத்திரை வாங்கிய பெண், பள்ளி முடித்ததும் கர்ப்பிணி அட்டை வாங்கும் வரை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பரம்பரை நோய்க்கான தடுப்பு அதற்கும் முன்னால், பெண் பார்க்கும் திண்ணைக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே நர்சுக்கு நாற்காலி கிடையாது. கர்ப்பிணியிடம் "சொந்தமா" என்று கேட்டால் கிடைப்பது தடுப்பில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனை ஒழுங்காகப் பார்க்கச் சொல்வதற்கான காரணம் மட்டுமே. பெரிய குறை தெரிந்தால் 2021 சட்டத் திருத்தப்படி மருத்துவ வாரியத்திடம் போகலாம். அது வேறொரு துயரம்.

திண்ணைக்குள் நுழைந்தவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். அரிவாள் வடிவ ரத்தசோகை இந்தியாவில் இருக்கிறது என்று முதன்முதலில் லேமனும் கட்புஷும் 1952இல் எழுதியது நீலகிரி மலைமக்களைப் பார்த்துத்தான். தாய் தந்தை இருவரும் கடத்திகளாக, அதாவது நோயில்லாமல் பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. கருவிலிருந்து கொண்டுவந்த ரத்தம் காப்பாற்றுவதால் முதல் சில மாதம் பிள்ளை தெளிவாக இருக்கும். ஆறு மாதம் வாக்கில் கை கால் வீக்கமும் வலியும் காய்ச்சலும். நோய் தெரிந்துவிட்டால் பென்சிலின், தடுப்பூசி, பிறகு ஹைட்ராக்சியூரியா என்று கைகொடுக்க வழி இருக்கிறது. கூடலூரில் அஷ்வினி என்ற அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பெண்களே நர்சுகளாகப் பயிற்சி பெற்றார்கள். கடத்தி என்றால் என்ன என்பதைப் பணியர் வீட்டில் உட்கார்ந்து பணியர் மொழியில் சொல்ல ஒரு பணியப் பெண்ணால்தான் முடியும். மாமன் யார், முறை யார் என்று அவளுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதித்து அட்டை கொடுக்கிறது; கல்யாணத்துக்கு முன் இரண்டு அட்டைகளையும் ஒப்பிடலாம். யோசனை நல்லது. ஆனால் கிரீஸில் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில் இதையே முன்பு செய்தபோது, பெரியவர்கள் பார்த்துச் செய்யும் கல்யாணங்களில் கடத்திகள் ஒதுக்கப்பட்டார்கள். பலர் முடிவை மறைத்தார்கள். கடத்தியும் கடத்தியும் மணப்பது குறையவே இல்லை. நம் ஊரில் மாப்பிள்ளையின் அட்டை பெட்டியில் இருக்கும், பெண்ணின் அட்டை சபையில் இருக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. அட்டை கொடுப்பது சுலபம். அதோடு உட்கார்ந்து பேச ஒரு செவிலியருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இதைவிடச் சுலபமான இடத்தில்கூட நாம் தாமதிக்கிறோம். பிறவியிலேயே தைராய்டு சுரக்காத பிள்ளைகள் இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. பார்க்க அழகாக, அழாமல், நன்றாகத் தூங்கும். "ரொம்பச் சாது" என்று பாட்டி பெருமைப்படுவார். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மற்ற பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும். தவறினால் மூளை வளர்ச்சி குன்றும். கண்டுபிடிக்கக் குதிகாலில் ஒரு குத்து, தடித்த தாளில் சில சொட்டு ரத்தம் போதும். கேரளம் அரசு மருத்துவமனைகளில் ஜி6பிடி உட்பட நான்கு குறைகளுக்கு இதைச் செய்கிறது. ரத்தம் எடுக்க நல்ல நேரம் பிறந்து இரண்டு நாள் கழித்து. முடிவு வரும்போது அம்மாவும் பிள்ளையும் தாய்வீட்டில் இருப்பார்கள், சில சமயம் தீட்டுக் கழியும் வரை யாரையும் பார்க்காத உள்ளறையில். அந்த ஊர் நர்ஸ் போன் போட்டு, பாட்டியைக் கூப்பிட்டு, மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று சொல்ல வேண்டும்: "காலையில வெறும் வயித்துல. பொடி பண்ணி, ரெண்டு சொட்டுத் தாய்ப்பால்ல கரைச்சு, பாலாடையில ஊத்திடுங்க பாட்டி. இரும்புச் சத்து மருந்தோட சேத்துக் குடுக்காதீங்க. சும்மா தூங்குற புள்ளைன்னு ஒரு நாள்கூட விட்றாதீங்க." பாலாடையில் கொடுப்பது எப்படி என்று அந்தப் பாட்டிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்த வார்டு நர்சுகளே அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.